பதினாறரைக் கழுத்து

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில், துணிக்கடைகளுக்கு மேலே மூன்றாவது மாடித் தையற்கூடம். பெருநாளுக்கு இன்னும் பதினெட்டு நாள். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் நூற்றுப்பத்து இன்னும் தைத்து முடியவில்லை. மலர் கழுத்துப்பட்டியை மடித்துத் தைத்தபடியே இரண்டு மிஷினுக்கு அப்பால் இருந்த ஷாமினியின் முதுகை முறைத்தாள்.

மூன்று நாளாக இதே முறைப்புதான். முதலாளி புவான் ஹஸ்னா போனில் தன் கணவரிடம் மலாயில் பேசியது காதில் விழுந்திருந்தது. அடுத்த மாதத்திலிருந்து "டியா", அந்த ஆள், சூப்பர்வைசர்; பெயர் சொல்லவில்லை. "டியா மாசி மூடா" என்றும் சொன்னார். இன்னும் இள வயசுதானாம். மலருக்கு நாற்பத்தேழு. அப்படியானால் வேறு யார், ஷாமினிதான்.

பதினோரு வருஷ வேலை. இடுப்பு எலும்பு தேய்கிறது, மிஷினில் உட்காருவதைக் குறை என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. சூப்பர்வைசர் என்றால் நடமாடிப் பார்க்கிற வேலை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. நான்கு வருஷத்துக்கு முன் வந்த ஷாமினி பள்ளிக்கூடத்து மலாய் பேசி வாடிக்கையாளர்களை வளைத்துவிடுவாள். மலருக்குத் தெரிந்தது கடைத்தெருவில் பழகிய பாசார் மலாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். மலருக்கு வயிறு எரிந்தது. வழுக்குகிற சாட்டின் துணியை எல்லாம் ஷாமினி பக்கம் தள்ளிவிட்டாள். ஷாமினியும் லேசுப்பட்டவள் இல்லை, மதியச் சோற்றைத் தனியாகப் போய்ச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் புவான் ஹஸ்னா நீலத் துணி ஒன்றையும் அளவுச் சீட்டையும் மேசையில் வைத்தார். சூப்பர்வைசர் சட்டை, திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். சீட்டில் பெயர் இல்லை. கழுத்து பதினாறரை, மார்பு நாற்பத்திரண்டு.

"ஒங் கழுத்து எப்ப பதினாறரை ஆச்சு?" என்றாள் மலர்.

ஷாமினி திரும்பினாள். "எனக்கு ஏங்க்கா? சூப்பர்வைசர் நீங்கதானே."

"நானா?"

"புவான் போன்ல சொன்னாங்களே, டியாவுக்குக் குடும்பம் இருக்கு, காப்பாத்தணும்னு. எனக்கு ஏது குடும்பம்? கஸ்டமர்கிட்ட எல்லாம் நான் பேசறேன், வேல ஒங்களுக்கான்னு மூணு நாளா எனக்கு எரிச்சல்லா."

மலர் சீட்டை மறுபடியும் பார்த்தாள். பதினாறரை ஆண்பிள்ளைக் கழுத்து. மலாயில் அவளும் டியாதான், அவனும் டியாதான்.

படிக்கட்டில் பிரவின் துணிக் கட்டைத் தோளில் சுமந்து ஏறிக்கொண்டிருந்தான். லோரி ஓட்டுகிறவன். வந்து ஒன்றரை வருஷம், வீட்டில் கைக்குழந்தை. சட்டையில் பொத்தான் அறுந்தால் மலரிடம்தான் கழற்றிக் கொடுப்பான்; அவன் கழுத்தளவு அவளுக்குத் தெரியும்.

"புருஷன் செத்து ஒம்பது வருஷம், மூணு பிள்ளைங்களுக்கு நான்தான் சோறு போடறேன்," என்றாள் மலர். "அது குடும்பம் இல்லையாமா?"

ஷாமினி நீலத் துணியை மேசையில் விரித்துப் பிடித்தாள். மலர் வெட்டினாள்.

மறுநாள் சட்டையை அளவு பார்க்க பிரவின் வந்து இருவருக்கும் நடுவில் கையை விரித்து நின்றான். ஷாமினி முழங்காலிட்டு ஓரத்தை மடித்தாள். மலர் தோளைச் சரிசெய்தாள்.

"எனக்குத் தையல்ல ஒண்ணுமே தெரியாதுக்கா," என்றான் அவன், கூச்சத்தோடு. "எல்லாத்தையும் நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லிக் கொடுக்கணும்."

மலரின் உதடுகளுக்கு நடுவில் நான்கு குண்டூசிகள் இருந்தன.