சுத்தமான சளி

எம். புதுப்பட்டியில் இருமாத ஆள் யார் இருக்கிறார்கள்? பாதி ஊருக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அலுமினியப் பொடி மூக்கில் ஏறினால் இருமல் வரத்தானே செய்யும்! அதனால் அங்கே வேலை பார்க்கும் செல்லத்தாயின் இருமலை ஒருவரும் சட்டை பண்ணவில்லை. துணை சுகாதார நிலைய நர்ஸ் ஜெனிட்டாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. செல்லத்தாய்க்குச் சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு வேறு பாதியாகிவிட்டது. டி.பி.யாக இருக்குமோ என்று பயந்தாள்.

சளிச் சோதனைக்கான டப்பாவைக் கையில் கொடுத்து, "காலையில எந்திரிச்சதும் நெஞ்சுக்குள்ள இருந்து இருமித் துப்பணும்க்கா" என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் கம்பெனி வேனுக்கு ஓடுகிற அவசரத்தில் செல்லத்தாய் டப்பாவை நீட்டினாள். உள்ளே தண்ணீர் மாதிரி எச்சில். இது சோதனைக்கு ஆகாது என்று பார்த்ததுமே ஜெனிட்டாவுக்குத் தெரிந்தது. ஆனால் சிவகாசி லேபுக்குச் சளிப் பெட்டி வாரத்துக்கு ஒரு நாள்தான் போகும். கொண்டுபோகிறவர் வாசலில் பைக்கை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். இருந்த ஒரே டப்பாவும் அதுதான். பேரை எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டாள்.

'கிருமி இல்லை' என்று முடிவு வந்தது. செல்லத்தாய் அந்தச் சீட்டைக் கம்பெனி முழுக்கக் காட்டினாள். ஜெனிட்டா நாலு முறை வீட்டுக்கே போய், மறுபடி ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று கெஞ்சினாள்.

"அதான் இல்லைன்னுட்டாகளே சிஸ்டர்! சீசன்ல லீவு போட்டா வேற ஆளைப் போட்ருவாக" என்று சிரித்தாள் செல்லத்தாய். அச்சடித்து வந்த சீட்டுக்கு முன்னால் ஒரு நர்ஸின் வாய்ச்சொல் எம்மாத்திரம்!

தீபாவளிக்கு முந்தின வாரம் செல்லத்தாய் ரத்தமாகக் கக்கினாள். பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்தபோது கிருமி மொய்த்துக் கிடந்தது. நுரையீரல் இரண்டும் போய்விட்டது, மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையிலேயே தேறியிருப்பாள் என்றார் டாக்டர்.

ஜெனிட்டா கட்டிலருகே உட்கார்ந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு ஏன் வெறும் எச்சிலைக் குடுத்தீக?"

"எனக்குச் சளி வெள்ளியும் கருப்புமாத்தான் வரும், எல்லாம் கம்பெனிப் பொடி. அந்தக் கண்றாவிய உங்க கையில எப்படிக் குடுக்க? அதை வெளிய துப்பிட்டு, நல்லா வாய் கொப்பளிச்சு, சுத்தமானதாப் பாத்துக் கொண்டாந்தேன்."

ஜெனிட்டாவுக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. அழுக்கோடு கொடு என்று சொல்லாதது தன் வாய், தெரிந்தே பேரை ஒட்டியது தன் கை. வேறு யாரைத் திட்டுவது?

செல்லத்தாய் மூச்சு வாங்கினாள். "இந்தத் தடவை அழுக்கோடயே குடுத்துட்டேன் சிஸ்டர். சரியாக் குடுத்திருக்கேனா? இனிக் குணமாயிரும்ல?"

"சரியாக் குடுத்திருக்கீகக்கா" என்றாள் ஜெனிட்டா. அடுத்த கேள்விக்கு, போர்வையை இழுத்து அவள் நெஞ்சுவரை போர்த்திவிட்டாள்.