பச்சைக் கட்டத்து எண்கள்

கிடங்கில் எனக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கும் கிடங்கு அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறையின் வெப்பநிலையைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். எழுதியது நிஜம்தானா என்று சரிபார்ப்பது என் வேலை. எவனாவது ஒரே இடத்தில் உட்கார்ந்து நாள் முழுவதற்குமாக எழுதித் தள்ளியிருந்தால் ஒரு பார்வையில் பிடித்துவிடுவேன். எழுத்து ஒரே சீராக இருக்கும், எண்கள் நல்ல பிள்ளைகளைப் போல வரிசையில் நிற்கும். ஒரு லோடர் மதியம் பன்னிரண்டு மணிக்கே மாலை ஆறு மணி வரை எழுதி வைத்திருந்தான். "என்னடா, ஜோசியம் பாக்குறியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன். அவன் தலை நிமிரவே இல்லை.

குளிரறைக்குள் எனக்கு மூச்சு அடைத்த அன்று என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் அவன்தான். எனக்கு ஆஸ்துமா இருப்பது கிடங்கில் யாருக்கும் தெரியாது. இத்தனை வருடம் மறைத்தது அன்று சட்டை பட்டன் அறுந்து, நாக்கு வெளியே தள்ளி, ஊரறிய வெளியே வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. இரண்டு நாள் பிழைப்பேனா என்றே தெரியவில்லையாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் குழாயும் ஒரு தாளும் கொடுத்தார். காலையிலும் மாலையிலும் நின்றுகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, குழாயில் ஒரே வேகத்தில் ஊத வேண்டும். உள்ளே முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று தடவை ஊதி அதிகமானதை எழுத வேண்டும்.

"உங்க அளவுக்கு நானூறுக்கு மேல பச்சை. அதுக்குக் கீழ மஞ்சள். இருநூத்தி அம்பதுக்குக் கீழ போனா சிவப்பு, உடனே இங்க வந்துடணும்" என்றார். "நீங்க எழுதுறதை வெச்சுத்தான் மாத்திரையைக் குறைப்பேன். பச்சையில நின்னாத்தான் வேலைக்குப் போகலாம்னு கடிதம் தருவேன்."

முதல் வாரம் நேர்மையாகத்தான் எழுதினேன். இருநூற்று அறுபது, இருநூற்று எழுபது, மறுபடி இருநூற்று அறுபது. அந்த வாரக் கடைசியில் என் உதவியாளர் போன் செய்தார். "நீங்க நிதானமா வாங்க சார். உங்க சீட்டுல நான்தான் உக்காந்திருக்கேன், ஒரு குறையும் இல்ல" என்றார். ஒரு குறையும் இல்லையாம்! அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை குழாயை எடுக்காமலேயே முந்நூற்றுப் பத்து என்று எழுதினேன்.

பிறகு கை கூசவில்லை. சரிபார்ப்பவனுக்கு எது பொய்யாகத் தெரியும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? சீராக ஏற்றவில்லை. இரண்டு நாள் ஏற்றினேன், ஒரு நாள் இறக்கினேன். காலையில் கொஞ்சம் குறைத்தேன், மாலையில் கூட்டினேன். பேனாவை மாற்றினேன். ஒரு எண்ணை அடித்துத் திருத்தவும் செய்தேன். என் வாழ்க்கையிலேயே இவ்வளவு அக்கறையாக ஒரு தாளை நான் எழுதியதில்லை.

"என்னங்க, ஊதுற சத்தமே கேக்கலையே?" என்றாள் மனைவி.

"நீ மிக்ஸியைப் போட்டா எப்படிக் கேக்கும்?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன். அவள் அதற்கப்புறம் நான் ஊதுகிற நேரம் பார்த்து மிக்ஸியை நிறுத்தி வைத்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் காற்றில் 'ஃபூ' என்றேன்.

மூன்றாவது வாரம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். உள்ளே போவதற்கு முன் கழிப்பறையில் நின்று இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்துக்கொண்டேன். தாளில் நானூறைத் தாண்டியிருந்தேன்; அவர் எதிரில் ஊதியபோது முந்நூற்று ஐம்பதுதான் வந்தது. "இங்க ஊதினா கொஞ்சம் கம்மியாத்தான் வரும். பதட்டம்" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். மாத்திரையைப் பாதியாக்கினார். இன்னும் ஒரு வாரம் பச்சையில் நின்றால் கடிதம் என்றார். பிறகு என் தாளைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதுறதில்ல. இதை நான் இன்னொருத்தங்களுக்குக் காட்டலாமா? உங்களை மாதிரியே படுத்து எழுந்தவங்க. ஏறவே மாட்டேங்குதுன்னு மனசு விட்டுட்டாங்க."

"தாராளமா" என்றேன்.

அடுத்த வாரம் போனபோது எனக்குப் படியேறவே மூச்சு வாங்கியது. பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, தையல் கடையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். மடியில் இரண்டு தாள்கள். ஒன்று அவளுடையது. மற்றொன்று என்னுடைய தாளின் நகல், பெயர் மட்டும் மறைத்திருந்தது. அவள் பென்சிலால் எழுதிய எண்களை அழித்துவிட்டு, என் தாளைப் பார்த்துப் பார்த்துப் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். முந்நூற்றுப் பத்து. முந்நூற்று முப்பது. நான் வேண்டுமென்றே இறக்கிய இடத்தில் அவளும் இறக்கினாள்.

"ஏம்மா அழிக்கிறீங்க?" என்றேன்.

அவள் பதறித் தாளை மடித்தாள். பிறகு என் கையிலும் அதே குழாய் இருப்பதைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். "எனக்கு ஊதத் தெரியலண்ணே. இவரு மூணே வாரத்துல பச்சைக்கு வந்துட்டாரு. நான் தலை சுத்திக் கீழ விழுற வரைக்கும் ஊதிப் பாத்துட்டேன். வர மாட்டேங்குது. வேணும்னே பண்றேன்னு வீட்டுல சொல்றாங்க. இன்னிக்கும் கம்மியா காட்டினா அசிங்கமா இருக்கும்."

இவள் பொய் எண்ணைக் காட்டுவாள், இவளுக்கும் மாத்திரையைக் குறைப்பார்கள். அதற்கப்புறம் இவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட யாராவது பக்கத்தில் இருப்பார்களா? உள்ளே போய் டாக்டரம்மாவிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இவளுக்குத் தெரியாமல், மானம் போகாமல். அந்த நேரத்திலும் புத்தி அங்கேதான் போனது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

டாக்டரம்மா கதவைத் திறந்து அவளைக் கூப்பிட்டார். நானும் எழுந்து நின்றேன்.

"அந்தத் தாள் என்னோடது. முதல் வாரத்துக்கு அப்புறம் எல்லாமே பொய். நான் ஊதவே இல்ல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா முகத்தில் கோபத்தைத் தேடினேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "நான் மாத்திரையைக் குறைச்சுட்டேனே" என்றார். என் பொய்க்கு அவர் கூனிக் குறுகினார்.

"இப்போ ஊதுங்க" என்றார் பிறகு. இருவரையும் உள்ளே நிற்க வைத்து அவரவர் குழாயில் ஊதச் சொன்னார். முதல் ஊதலிலேயே எனக்கு இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது முடிந்ததும் முள்ளைப் பார்த்தேன். நகத்தால் தள்ளிவிடலாமா என்று விரல் ஒரு கணம் துடித்தது.

"எவ்வளவுண்ணே?" என்றாள் அவள்.

"இருநூத்தி முப்பது."

அவள் தன் குழாயைத் திருப்பிக் காட்டினாள். கேலி இல்லை, கோபமும் இன்னும் வந்திருக்கவில்லை. இத்தனை நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவளின் ஆச்சரியம்தான் அந்தக் குரலில் இருந்தது.

"எனக்கு எரநூத்தி எம்பது" என்றாள்.