இடக்கைச் சஹன்

யசோதினிக்குப் படம் கீறத் தெரியும், கதை எழுத வராது. ஸுஹைனாவுக்குக் கதை வரும், ஒரு கோழியைக் கீறச் சொன்னால் அது மாங்காய் மாதிரி வந்து நிற்கும். ஆகவே யசோதினியின் களுவாஞ்சிக்குடியும் ஸுஹைனாவின் காத்தான்குடியும் கூட்டுச் சேர்ந்து ஒரு சித்திரக் கதைப் புத்தகம் செய்தன. இரண்டு தோழிகள், இரண்டு வீட்டு அடுப்படி, பக்கத்துக்குப் பக்கம் சாப்பாடு.

எல்லாம் முடிந்தது, ஸுஹைனாவின் வாப்பா அப்துல் கபூரைத் தவிர. "படத்தப் பாத்துட்டுத்தான் புள்ளட பேர அட்டையில போட உடுவன்" என்று அந்தப் புடவைக்கடை முதலாளி சொல்லிவிட்டார். ஸுஹைனாவின் பேர் இல்லையென்றால் புத்தகமே வேண்டாம் என்று யசோதினி முடிவெடுத்திருந்தாள். கதை எழுதியவளை ஒளித்துவைத்துவிட்டு என்ன புத்தகம்?

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்த நேரம் பார்த்து, யசோதினி டெப்லட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் ஸுஹைனாவின் உம்மா நஸீறாவின் புளியாணக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அப்துல் கபூர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். நடுப்பக்கத்தில் நின்றுவிட்டார். பெருநாள் விருந்துப் படம் அது. பெரிய வட்டமான சஹன் தட்டில் சோறு குவிந்து கிடக்க, பெண்கள் சுற்றிவர இருந்து அந்த ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுகிறார்கள்.

"மகள், இதுல எல்லாரும் ஏன் இடக்கையால தின்றாங்க?"

யசோதினி தன் இடக்கையைப் பார்த்தாள். கீறும்போது வலக்கையில் பேனை இருக்கும். மாதிரிக்குச் சும்மா கிடந்தது இடக்கைதான். அதைச் சோறு பிசைகிற மாதிரி மடக்கி வைத்துப் பார்த்துப் பார்த்து, அத்தனை பேருக்கும் தன் இடக்கையையே ஒட்டிவிட்டிருந்தாள். காத்தான்குடி கிடக்கட்டும், களுவாஞ்சிக்குடியில் அவளுடைய அம்மா கண்டாலே விளக்குமாற்றைத் தேடுவார்.

"இந்தா, திருப்புறன் அங்கிள்."

ஒரு பொத்தானை அமத்தினாள். படம் அப்படியே மறுபக்கம் திரும்பியது. எல்லாம் வலக்கை. பக்கத்தில் நின்ற ஸுஹைனா மூச்சு விட்டாள், வாப்பா விடவில்லை.

"இப்ப இந்தச் சாறிக்காரப் புள்ளட முந்தானை வலத்தோள்ல கிடக்கு. உங்கட ஆக்கள் அப்பிடியா போடுற? உங்கட உம்மா பாத்தா, காத்தான்குடியாக்கள் புள்ளையக் கெடுத்துப்போட்டாங்க எண்டு நெனைக்க மாட்டாவா?"

புடவை விற்ற கண்ணிடம் பொத்தான் எடுபடவில்லை. கையைத் திருத்தினால் முந்தானை பிழை, முந்தானையைத் திருத்தினால் கை பிழை. அவர் இன்னும் குனிந்து பார்த்தார்.

"அது கிடக்கட்டும். இந்தச் சாறிக்காரப் புள்ள மட்டும் ஏன் மூலையில தனிப் பீங்கான்ல தின்னுது?"

அந்தப் புள்ள யசோதினிதான். இந்த வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நஸீறா ஒரு பூப்போட்ட பீங்கான் தட்டில்தான் அவளுக்குத் தனியாக வைப்பார்.

"இஞ்ச அப்பிடித்தானே தருவீங்க அங்கிள். நான் சஹன்ல கைவெச்சா உங்களுக்கு ஒரு மாதிரி இரிக்குமெண்டு நெனச்சன்."

அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்ற நஸீறா வாயில் கைவைத்தார். "அல்லாஹ்வே. எங்கட கை பட்ட சோறு உங்களுக்குக் கூச்சமா இரிக்குமெண்டுதானே புள்ள, நான் நல்ல பீங்கானாத் தேடித் தேடி வெச்ச."

யசோதினிக்குச் சிரிப்பு வந்தது, வெட்கம் வந்தது. இத்தனை நாளும் வீணாய்ப் போனதே என்று கோபமும் வந்தது.

நஸீறா பாயை விரித்துச் சஹனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "இனிப் பாத்துக் கீறுங்க." யசோதினி பேனையோடு வந்து ஸுஹைனாவின் பக்கத்தில் இருந்தாள். "முதல்ல தின்னுங்க" என்று நஸீறா பேனையைப் பிடுங்கிவிட்டு, பெரிய கோழித்துண்டை அவள் பக்கம் தள்ளிவிட்டார். வலக்கை புளியாணத்தில் ஊறினால் யார் கீறுவது?

அப்துல் கபூர் போனை எடுத்தார். "கைய மட்டும் படம் எடுத்துத் தாறன். மறுகா இதப் பாத்துக் கீறுங்க." பாயருகே குனிந்தார். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மகள், அட்டையில பேர் போடக்குள்ள 'சு' போட்டுராதீங்க. 'ஸு'. ஊரெல்லாம் என்ட புள்ளட பேரப் பிழையாத்தான் எழுதுறாங்க."

ஸுஹைனா சோற்றுக்குள்ளேயே யசோதினியின் விரல்களைப் பிடித்து ஆட்டினாள்.

"அசையாத புள்ள," என்றார் வாப்பா, "படம் குழம்புது."