கூட்டுத்தொகை ஐந்து

ரூபியின் மெஷினில் சுற்றிய நூலில் மட்டும் தடிப்புகள் தங்கின. கொடைரோடு பக்கத்து மில் அது. ஓடும் நூலில் தடிப்பு வந்தால் சென்சார் பார்க்க வேண்டும், கத்தி வெட்ட வேண்டும். வெட்டவில்லை. சரக்கு திரும்பி வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து போகையில் முதலாளி கருப்பணன் வாசலில் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"மெஷின்ல கண்ணு இல்ல, ஊர்க்கத பேசுற! நாளையிலருந்து வராத."

ரூபி தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு நடந்தாள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

சென்சார் போர்டுக்குப் புரோகிராம் எழுதிய சத்யபிரியாவுக்கு மனசு கேட்கவில்லை. ரூபி சுற்றிய நூல் ரகத்தை, கூட வேலை பார்க்கும் பேச்சாயியின் மெஷினில் ஓட்டிப் பார்த்தாள். அங்கேயும் தடிப்பு தங்கியது. அவள் எழுதியதை மெஷினுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர்; அது ஆக்கிக் கொடுத்த கட்டளைகளைத் திறந்து படித்தாள். பிறகு நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"ரகத்துக்கெல்லாம் கூட்டுத்தொகை அஞ்சு வர்ற மாதிரி நம்பர் கேட்டீங்கல்ல சார்? பதினாலு, ஐந்நூறு, ஆயிரத்து நாலுன்னு?"

"ராசியான நம்பரும்மா அது."

"வரிசையா இருந்தா கம்பைலர் ஒரு அட்டவணை போட்டுக்கும். எந்த ரகம்னாலும் ஒரே தாவு. இப்டிச் செதறிக் கெடந்தா, இதுவா, இதுவான்னு ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டே வருது. ரூபியக்கா ரகம் கடைசி. அதுகிட்ட வாரதுக்குள்ள தடிப்பு கத்தியத் தாண்டிருது."

"கண்ண மூடித் தெறக்குற நேரங்கூட இருக்காதே?"

"நூலுக்கு அம்புட்டு நேரம் போதும் சார்."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"வரிசையாப் போட்டா எட்டு வருமே."

"எட்டக் காலியா விட்டுர்றேன். அட்டவணைக்கு ஒண்ணும் ஆகாது."

"பதினேழு? அதுவும் கூட்டுனா எட்டுதான்."

"அதையுந்தான் சார்."

நம்பர் மாறியது. அதே ரகத்தில் கத்தி வெட்டத் தொடங்கியது. ரூபிக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"வேலைக்கு வாரேன் முதலாளி. ஆனா அன்னைக்கு நீங்க திட்டுனத எல்லாரும் கேட்டாங்கள்ல?"

கருப்பணன் உள்ளே போனார். மெஷின் ஓடும் இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. தன் கையாலேயே மெயின் ஸ்விட்சை இறக்கினார். ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தப்பு ரூபி மேல இல்ல," என்றார். "நம்பர்ல."

"யாரு போட்ட நம்பரு?" பின்வரிசையிலிருந்து பேச்சாயி கேட்டாள்.

"நாந்தான் போடச் சொன்னேன்."

ரூபி தன் மெஷினுக்குப் போய், நின்றதில் அறுந்த நூல்களை முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.