காதுல வாங்காதீங்க, வாயில போடுங்க

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த விளம்பரத்தைப் பார்த்து நானும் சிரித்தேன்.

பல் வைத்தியருக்காகக் காத்திருந்தேன். ஒரு பக்கக் கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. வாயைத் திறந்தாலே உயிர் போகிற வலி. அப்படியும் சிரித்தேன் என்றால் விளம்பரத்தின் தரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் இருந்த டிவியில் ஓர் அலுவலகம். காலைக் கூட்டம். மேலாளரின் மேஜையில் ஒரு மணி இருக்கிறது. ஓட்டல் வரவேற்பறையில் தலையில் தட்டினால் 'டிங்' என்னுமே, அந்த ரகம். ஒல்லியான ஊழியர் ஒருவர் எழுந்து, "சார், அது வந்து..." என்கிறார். டிங்! "இல்ல சார், அது வந்து..." டிங்! சுற்றியிருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஊழியர் சட்டைப் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து வாயில் போடுகிறார். சில்லென்று ஒரு காற்று. மேலாளர் மணியைத் தட்டுகிறார், சத்தம் வரவில்லை. குத்துகிறார், மேஜைமேல் ஏறி மிதிக்கிறார், ஊஹூம். ஊழியர் கண்மூடிப் புன்னகைக்கிறார். ஒரு கட்டைக் குரல் சொல்கிறது: "காதுல வாங்காதீங்க, வாயில போடுங்க!"

பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் பல்வலிதானே என்று நினைத்தேன்.

"நல்லா எடுத்திருக்காங்க இல்ல?" என்றேன்.

"ஆமா" என்றார். பிறகு, "என் வீட்டுக்காரிதான் எழுதினா. அது வந்து... அந்த ஆளு நான்தான்" என்றார்.

வைத்தியர் யாருடைய கடைவாய்ப் பல்லோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் எங்களுக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தது. அவருக்கு நேர்ந்ததெல்லாம் அவர் சொன்னது. அவர் மனைவியை நான் பார்த்ததே இல்லை. அவள் மனசுக்குள் நடந்ததாக இனி வரப்போவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

எங்கே தொடங்குவது?

"அவமானம் என்பது..." [வேண்டாம். 'என்பது' போட்டுத் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.]

"அன்று காலை மேலாளர் மணியை..." [இதுவும் வேண்டாம். மேலாளரை வைத்து ஆரம்பித்தால் கதை அவருடையதாகிவிடும். அலுவலகம், கூட்டம், மற்றவர்களின் லீவு எல்லாம் ஏற்கெனவே அவருடையவை. இதாவது தப்பட்டும்.]

சமையலறையில் தொடங்குகிறேன்.

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை. எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழைக்கும் தொலைபேசியை இவர்தான் எடுப்பார். "பயப்படாதீங்க. அது வந்து, பத்து நிமிஷத்துல ஆள் வந்துடும். நான் லைன்லயே இருக்கேன்" என்று நிதானமாகப் பேசுவார். வேர்த்து விறுவிறுத்துப் போனவர்கள்கூட அந்த நிதானத்தில் அடங்கிவிடுவார்களாம். அதே நிதானம் காலைக் கூட்டத்தில் மேலாளருக்கு ஆகவில்லை.

"மணி ஒண்ணு வாங்கி வச்சிருக்கார். நான் 'அது வந்து'ன்னா தட்டுறார். இன்னிக்குப் பதினாலு தடவை" என்றார் அவர்.

"எண்ணினீங்களா?"

"நான் எண்ணல. பக்கத்து சீட்டுக்காரன் எண்ணிச் சொன்னான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் சிரித்ததால்தான் அவள் சிரித்தாள் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அவள் அரை நொடி முந்திக்கொண்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

3

அவள் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறவள். அங்கே எல்லோருக்கும் அவள் 'வரியக்கா'. வரி எழுதுவதால் வந்த பேர். புதிதாகச் சேர்ந்த ஒருவர் அவளை வருமான வரிப் பிரிவு என்று நினைத்து இரண்டு மாதம் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்ததாகக் கேள்வி.*

(* இந்தக் கேள்வி நான் கிளப்பிவிட்டது.)

புதினா மிட்டாய்க் கம்பெனிக்கு எழுதியதெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது. மலை உச்சி வேண்டாம், அருவி வேண்டாம், காதல் ஜோடி வேண்டவே வேண்டாம் என்றார்கள். கடைசிக் கூட்டம். படைப்புப் பிரிவுத் தலைவர், அவரைத் தாடி என்றால்தான் தெரியும், அவளைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"ஒரு ஆபீஸ்" என்றாள் அவள். "ஒரு மேனேஜர். அவர்கிட்ட ஒரு மணி."

இந்த இடத்தில்தான் நான் நான்கு நாள் உட்கார்ந்துவிட்டேன். அவளை எப்படி எழுதுவது? நெஞ்சில் ஈரமில்லாதவள் என்றால் கதை சுலபமாக நகரும். உங்களுக்கும் வசதி. ஆனால் இருபது பேர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கைக்குக் கிடைத்ததைத்தானே எடுத்து நீட்டுவீர்கள்? அவள் கைக்குப் புருஷன் கிடைத்தார்.

தாடி மேஜையைத் தட்டினார். "எங்க பிடிச்சீங்க இதை?"

"சும்மா தோணிச்சு."

அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் அவள்மேல் எனக்குக் கோபம். விளம்பரத்துக்காக இல்லை.

4

விளம்பரம் பிய்த்துக்கொண்டு போனது. மிட்டாய்க் கம்பெனி குஷியில் ஒரு அறிவிப்பு விட்டது: ஆறு பாக்கெட் வாங்கினால் ஒரு மணி இலவசம்.

ஊரில் உள்ள மேஜைகளெல்லாம் மணி கட்டிக்கொண்டன. சில பேர் புகார்க் கடிதம் எழுதினார்கள். கம்பெனி பதில் அறிக்கை வெளியிட்டது: "ஊழியர் ஒவ்வொருவரின் கண்ணியத்தையும் நாங்கள் மதிக்கிறோம். யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம். புண்பட்டவர்கள் தங்கள் முகவரியை அனுப்பினால் ஒரு பாக்கெட் மிட்டாய் வீடு தேடி வரும்."

எத்தனை பேர் முகவரி அனுப்பினார்கள் என்று... [தெரியாததை எழுதுவானேன்.]

அவர் அந்த விளம்பரத்தை அலுவலகத்தில்தான் முதலில் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரன் கூப்பிட்டுக் காட்டினான். முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் கூடி நின்றார்கள். படம் முடிந்ததும், "யோவ் அதுவந்து, உன்னைத்தான்யா எடுத்திருக்காங்க!" என்று ஒருவன் தோளில் தட்டினான். மறுவாரம் பதினோரு மேஜைகளில் மணி இருந்தது.

விளம்பரம் பார்த்த அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி வைத்தார். கைகால் கழுவினார். அவள் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே நின்றாள். அவர் கேட்பார், கேட்டதும் என்ன சொல்வது என்று நான்கு பதில் தயாராக வைத்திருந்தாள். நான்கும் நல்ல வாசகங்கள்.

"விளம்பரம் நல்லா இருந்துது" என்றார் அவர்.

அவ்வளவுதான். நான்கு பதிலும் வாய்க்குள்ளேயே ஊறிப்போயின.

5

அவர்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அவர், "நாளைக்கு ஸ்கூல்ல இருந்து உன்னைக் கூட்டிட்டு வர, அது வந்து..." என்று தொடங்கினார்.

டிங்!

மடியில் ஒளித்து வைத்திருந்த மணியைத் தூக்கிக் காட்டிக் குழந்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "அப்பா! நீங்களும் அந்த மாமா மாதிரியே சொல்றீங்க!"

அவரும் சிரித்தார். "ஆமாடா கண்ணு" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் வாக்கியங்கள் சின்னதாகிவிட்டன. சரி. ஆச்சு. பார்க்கலாம். தண்ணி. 'அது வந்து' வரக்கூடிய நீளத்துக்கு எதையும் பேசவில்லை.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் சொன்னார். சொல்லிவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"ஏதோ, கதை எழுதுவேன்."

"நீங்களுமா?" என்றார்.

[இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். என்னை நியாயப்படுத்தும் பத்தி. நன்றாகவே வந்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

6

அவள் தாடியிடம் போனாள். "அந்த இலவச மணியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க சார்."

"ஏன், என்னாச்சு?"

சொன்னாள். எல்லாவற்றையும். தாடி கண்ணாடியைக் கழற்றினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை.

"வரியக்கா, இது பெரிய விஷயம். மனசைப் பிசையுது. இதையே ரெண்டாவது விளம்பரமாப் பண்ணலாம். அப்பா, பொண்ணு, சாப்பாட்டு மேஜை. கடைசில பொண்ணு மணியைக் கீழ வச்சிட்டு அப்பாவுக்கு மிட்டாய் குடுக்குது. ஒரு கண்ணுகூட நனையாம இருக்காது!"

அவள் எழுந்து வந்தாள். பின்னாலேயே தாடியின் குரல் வந்தது: "பொண்ணுக்கு ரெட்டை ஜடை போடுவோமா?"

7

மிட்டாய்க் கம்பெனி அலுவலகம் அலுவலகமாகப் போய் 'மன அழுத்தமில்லாத பணியிடம்' என்று நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியது. வாசகம் எழுதியவளையும் மேடையேற்றினார்கள். நான்காவதாக இருந்த அலுவலகம் ஒரு லிஃப்ட் கம்பெனி.

அன்று காலை அவள் சொன்னாள்: "இன்னிக்கு உங்க ஆபீசுக்குத்தான் வரேன்."

"தெரியும். நோட்டீஸ் போர்டு."

"ஏங்க, நீங்க லீவு போட்டுடுங்களேன்."

"நான் ஏன் லீவு போடணும்?" என்றார். ரொம்ப நாளுக்குப் பிறகு அவர் பேசிய முழு வாக்கியம் அது.

உடம்பு சரியில்லை என்று அவளும் தப்பித்திருக்கலாம். ஏன் போனாள் என்று எனக்குத் தெரியாது. தைரியம் என்று எழுதினேன், அடித்தேன். குற்ற உணர்ச்சி என்று எழுதினேன், அதையும் அடித்தேன். போனாள்.

மேலாளர் நன்றாக உடுத்திக்கொண்டு வந்திருந்தார். பேச்சும் நன்றாகவே இருந்தது. ஊழியர் நலன்தான் தன் உயிர்மூச்சு என்றார். மூன்றாவது வரிசையில் இருந்த அவரைத் தவிர எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு மைக்கை அவளிடம் நீட்டி, "மேடம், இந்த மணி ஐடியா எப்படி வந்துது? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார். அவள் யாருடைய மனைவி என்பது அந்த அரங்கில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"எனக்குத் தோணல சார். நான் எடுத்துக்கிட்டேன்" என்றாள் அவள். "மூணாவது வரிசைல உட்கார்ந்திருக்கார் பாருங்க, அவர் என் வீட்டுக்காரர். அவர்கிட்ட நீங்க பண்றதைத்தான் எழுதினேன்."

தலைகளெல்லாம் மூன்றாவது வரிசைக்குத் திரும்பின.

"சிரிக்கிறதுக்காகச் சொல்லல சார். ஒன்றரை வருஷமா காலைல வெறும் வயித்தோட வர்றார். உங்க கூட்டம் முடிஞ்சாத்தான் இவருக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்குது."

என் முதல் பிரதியில் மேலாளர் இங்கே தலைகுனிந்தார். படித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. நடந்தது வேறு. மேலாளரின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப ஒரிஜினல் நான்தானா!" என்றார். "இவ்வளவு நாளா சொல்லவே இல்லையேய்யா!" என்று மூன்றாவது வரிசையைப் பார்த்துச் செல்லமாகக் கடிந்துகொண்டார். "வெறும் வயிறா? அதுக்குத்தானே மேடம் மிட்டாய்!"

அரங்கம் அதிரச் சிரித்தது. அவள் சொன்ன உண்மை மேலாளருக்கு மாலையாகப் போய் விழுந்தது.

"வாய்யா மேல, ஒரு போட்டோ எடுத்துக்குவோம்" என்றார் மேலாளர்.

அவர் எழுந்து வந்தார். நடுவில் மேலாளர் மணியோடு நின்றார். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். போட்டோகாரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சார், ஓரத்துல இருக்கிற சார், கொஞ்சம் சிரிங்க."

அவர் சிரிக்கவில்லை.

"சார், ஒரே ஒரு செகண்ட். லைட்டா சிரிங்க."

"அவர் சிரிக்க வேணாம்" என்றாள் அவள். "இப்படியே எடுங்க."

"இல்ல மேடம், போர்டுல போடுற படம்..."

"இப்படியே போடுங்க."

மேலாளர் மட்டும் சிரித்தபடி நின்றார். முதலில் சுலபமாகத்தான் சிரித்தார். வாக்குவாதம் முடிவதற்குள் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறியதாம். அந்த நிலையில் ஃபிளாஷ் மின்னியது.

படம் ஒன்பது நாள் நோட்டீஸ் போர்டில் இருந்தது. கடந்து போகிறவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார்கள். மேஜை மணிகள் ஒவ்வொன்றாக இழுப்பறைக்குள் போயின. பத்தாம் நாள் மேலாளரே வந்து படத்தைக் கழற்றினார். பதினொன்றில் மூன்று மணி இன்னமும் மேஜையில்தான் இருக்கிறது என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். எட்டுப் போனதே என்று நான் சொன்னபோது டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

8

இதோடு முடித்தால் அவள் ஜெயித்துவிட்டாள் என்று ஆகிவிடும். ஒரு படத்தால் அதெல்லாம் நேர்செய்துவிட முடியுமா என்று எனக்குச் சந்தேகம். அதனால் வேறு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் வேலையை விடுகிறாள். ராஜினாமாக் கடிதம் ரொம்ப நன்றாக அமைந்துவிட்டது, தாடி அதையும் விளம்பரமாக்கிவிடுவார் என்று பயந்து கிழித்தேன். இன்னொன்றில் அவர் வீட்டை விட்டு... [அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பரபரப்புக்காக ஒரு மனுஷனை வீட்டை விட்டு அனுப்பக்கூடாது.]

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. நிகழ்ச்சி முடிந்து இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் வீடு திரும்பினார்கள். அவள் ஓட்டினாள். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். சாயங்கால நெரிசல், நாற்பது நிமிடப் பயணம். முதல் சிக்னலில் வண்டி நின்றபோது அவர், "இங்க பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாராம். என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். "அதை உங்களுக்கு எதுக்குச் சொல்லணும்?" என்றார். நியாயம்தான்.

மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் மன்னித்தார், ஒன்றில் திட்டினார், ஒன்றில் மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும் என்றார். மூன்றிலும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அடித்துவிட்டேன்.

அந்த நாற்பது நிமிடத்தை உங்களிடம் விடுகிறேன். எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் என்ன சொல்வார் என்பதில் நான் தலையிடமாட்டேன். அவசரப்படுத்தாமல் மட்டும் கேளுங்கள். சிக்னல் பச்சைக்கு மாறும், பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும், அவர் இன்னும் முதல் வாக்கியத்திலேயே இருப்பார். இருக்கட்டும். முடிக்கட்டும்.