மூத்தவளுக்குச் சுற்றிய சடங்கு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாயில் கதவே கிடையாது என்று, கடலூரில் பஸ் ஏறியதிலிருந்து சடையப்பன் பொருமிக்கொண்டே வந்தார். முன் சீட்டுக்காரன் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, மாமியாருக்கு மூலம், மச்சானுக்குக் குடி என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தான்.

"வூட்டு சமாச்சாரத்த ஊருக்கு ஏலம் போடுறானுவோ," என்றார்.

பக்கத்தில் தங்கை மலர்க்கொடி. ஜன்னலோரம் அவளுடைய மூத்த மகள் கலைமணி. பதினேழு வயது. வயிற்று வலி என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"வயித்து வலிக்கு நம்மூரு அண்ணாகிராமத்துல ஊசி போட ஆளில்லியா?"

"கடலூரு லேடி டாக்டருதான் சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்குப் போவச் சொன்னாங்கண்ணே. இவ அப்பா உசுரோட இருந்தா ஒன்ன ஏன் இழுக்கப்போறேன்?"

சடையப்பனுக்கு டாக்டர் என்றாலே ஆகாது. கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். நாம் ஒன்று கேட்டால் பதில் வராது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்ரியின் பின்னால் வெள்ளைக் கோட்டு மாணவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். "இவங்கல்லாம் கூத்து பாக்க வந்தவங்களா?" என்றார் சடையப்பன். டாக்டர் கலைமணியைப் பார்த்தார்.

"இவங்க இருக்கலாமா? நீ சொல்லு."

"வேணாம்."

மாணவர்கள் வெளியே போனார்கள்.

"மாமா?" என்றார் டாக்டர்.

"மாமா இருக்கட்டும்," என்றாள். ஏன் என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை.

"வயசுக்கு எப்ப வந்த?" என்று டாக்டர் கேட்டதும் மலர்க்கொடி முந்திக்கொண்டாள். "ஒம்பதாவது படிக்கையில. மாசாமாசம் சரியா வருது."

"நான் சாட்சி," என்று நெஞ்சை நிமிர்த்தினார் சடையப்பன். "தாய்மாமன். என் கையால தென்னங்கீத்து வெட்டி, பச்சக் குடிச கட்டி இவள ஒக்கார வெச்சேன். பட்டு, வளையலு, தட்டுத் தட்டா வரிச."

டாக்டர் கடலூரில் எடுத்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல கர்ப்பப்பையே தெரியல. மாசாமாசம் வருதுன்னா இந்தப் படம் தப்பு. காரணத்த வேற வழியிலதான் தேடணும்."

"படம் தப்பில்ல," என்றாள் கலைமணி. "எனக்கு வரவே இல்ல டாக்டர். தங்கச்சிதான் முதல்ல வந்தா. மூத்தவளுக்குச் சடங்கு சுத்தாம சின்னவளுக்குச் சுத்துனா ஊர் கேக்கும்னு, அம்மா எனக்கும் சுத்துனாங்க." அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க கட்டுன குடிசையில நான் சும்மாதான் ஒக்காந்திருந்தேன்."

சடையப்பனுக்குக் காது சுட்டது. ஊரைக் கூட்டி மார்தட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. மலர்க்கொடி மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திருடி. மானத்த வாங்கிட்ட. வூட்டுக்குப் போவலாம்."

"ஒக்காரு மலரு!" அதட்டலில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "என்ன ஏமாத்துனத அப்புறம் பேசிக்கிறேன். பொய்யக் கேட்டுக்கிட்டு இந்தம்மா எந்த ஒடம்புக்கு வைத்தியம் பாக்கும்? பொண்ணு வாயத் தொறந்துட்டா. முடிச்சிட்டுத்தான் கெளம்பறோம்." நாற்காலியை இழுத்து வாசலை மறித்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா வழியில யாராவது வயசுக்கு வராம, பிள்ளை இல்லாம இருந்திருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"யாரும் இல்ல," என்றாள் மலர்க்கொடி.

சடையப்பன் தரையைப் பார்த்தார். பஸ்ஸில் தான் திட்டிய ஆளைப் போலவே வீட்டுச் சமாச்சாரத்தைத் தானும் ஏலம் போடவேண்டி வந்துவிட்டதே என்று கசந்தது. போட்டார்.

"இருந்தாங்க. எங்கம்மா கூடப் பொறந்த அமராவதி சின்னம்மா. சின்ன வயசுலயே ஸ்ரீமுஷ்ணத்துல கட்டிக் குடுத்து, மலடின்னு திருப்பி அனுப்பிட்டானுவோ. கடைசி வரைக்கும் வயசுக்கே வரலன்னு எங்கம்மா சாவுறப்பதான் சொன்னாங்க. முந்திரித் தோப்புலயே ஒதுங்கிக் கெடந்து செத்தாங்க."

"இத நீங்க சொன்னது பெரிய உதவிய்யா," என்றார் டாக்டர்.

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கலைமணியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, நர்ஸை உடன் வைத்துச் சோதித்தார். ரத்தம் எடுத்தார்கள். பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்.

"சில பேருக்குத் தாய் வயித்துலயே ஒடம்பு வேற மாதிரி வளரும், அது அம்மா வழி ரத்தத்துல வரலாம். யார் தப்பும் இல்ல. ரத்தப் பரிசோதனை வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் இன்னதுன்னு பேரு வைக்க மாட்டேன், எதையும் அறுக்க மாட்டேன். ரிசல்ட்ட முதல்ல கலைமணிகிட்டதான் சொல்லுவேன்."

"அப்ப நான் பொண்ணு இல்லியா? நான் யாரு டாக்டர்?" என்றாள் கலைமணி.

"காலையில வூட்டுலேர்ந்து கெளம்புனப்ப யாரோ, அதே ஆளுதான். எந்த ரிப்போர்ட்டும் அத மாத்தாது."

"சின்னம்மா செத்து முப்பது வருசம் ஆச்சு," என்றார் சடையப்பன். "அவங்கள இவ ரத்தத்துல தேடுவீங்களாக்கும்?"

"கிட்டத்தட்ட அதேதான்யா."

"நம்புற மாதிரி இல்ல." துண்டை உதறித் தோளில் போட்டார். "மூணு வாரம் கழிச்சு நானே கூட்டியாறேன். அப்ப வேற கத சொன்னீங்க, கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்."

வெளியே, ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கலைமணி ஓடி வந்தாள். "கோவமா மாமா?"

"பின்ன? தென்ன மரம் ஏறி முட்டி தேஞ்சது யாருக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. யார் தப்பும் இல்லையாம். அப்படியென்றால் அந்த ஸ்ரீமுஷ்ணத்துக்காரன் சின்னம்மாவை எதற்குத் திருப்பி அனுப்பினான்? முணுமுணுத்துக்கொண்டே, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியும் பார்க்காமல், பஸ் ஸ்டாண்டை நோக்கி முன்னால் நடந்தார்.