கை தூக்கினால் வேலை நிற்கும்

என் வீட்டுக்காரர் பாஸ்கலுக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேனுக்குச் சிக்னல் காட்டும் வேலை. அங்கே வேலை தொடங்குமுன் எல்லாரும் கூடி, இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம், எதில் ஆபத்து என்று பேசுவார்களாம். டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பெயர். அதை மனுஷன் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கூட்டம். நான், அவர், நாலாம் வகுப்புப் படிக்கும் எங்கள் ஆன்சி. கறி அடுப்பில் கிடக்கும்; இங்கே இவர் வாரத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதில் ஒரு விதி. யார் கை தூக்கினாலும் வேலை நிற்க வேண்டும். துறைமுகத்தில் டீ கொண்டுவருகிறவர் கை தூக்கினாலும் கிரேன் நிற்குமாம். தூக்கியவரைத் திட்டக்கூடாது, என்ன பார்த்தாய் என்றுதான் கேட்க வேண்டும்.

பள்ளிக்கூட வேன் என்றாலே ஆன்சிக்கு வேப்பங்காய். காலையில் ஒரே அழுகை. கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தாயிற்று, காரணம் சொல்லமாட்டாள். எனக்குத் திருவொற்றியூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பகல் ஷிப்ட் கிடைத்ததும், இனி அவளை நானே பஸ்ஸில் கூட்டிப்போய் விடுவதாக அந்த ஞாயிறு சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், கையைத் தூக்கினாள்.

எனக்கு வந்ததே கோபம். வேனும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாமா? முதுகில் நாலு வைக்கலாம் என்று எழுந்தேன். பாஸ்கல் தடுத்தார்.

"குந்து ஜானட்டு. கொயந்த கை தூக்கிகிது. இன்னா கண்ணு பாத்த, சொல்லு."

ஆன்சி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நா வேன்ல போவலன்னா கதவ யாரு நைனா புடிப்பாங்க?"

பின்கதவின் கொக்கி உடைந்துபோய், கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்களாம். வண்டி குலுங்கினால் திறந்துகொள்ளுமாம். பின்சீட்டில் பெரியவள் இவள்தான்; மற்றதெல்லாம் எல்.கே.ஜி. பொடிசுகள். வெளியே சொன்னால் வேனில் ஏற்றமாட்டேன் என்று டிரைவர் மிரட்டியிருக்கிறார். தான் இல்லாவிட்டால் பொடிசுகள் விழுந்துவிடும் என்று, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் ரோடு முழுக்கக் கயிற்றை இழுத்துப் பிடித்தபடி போயிருக்கிறாள் என் பிள்ளை. உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். காய்த்துப்போயிருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பாஸ்கல் லீவு போட்டுவிட்டுத் தெருமுனையிலேயே வேனை மறித்தார். பிள்ளைகளைப் பெற்றவர்களை எல்லாம் கூப்பிட்டு, கதவைத் திறந்து காட்டினார். பள்ளிக்கூடத்தில் வேறு வேன், வேறு டிரைவர் போட்டார்கள். பொடிசுகளோடு அதிலேயே போகிறேன் என்று ஆன்சி சொல்லிவிட்டாள்.

அந்தக் கூட்டத்தை நான் எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன். இப்போது அதற்கும், அதைக் கொண்டுவந்த மனுஷனுக்கும் மனசார நன்றி சொல்கிறேன். அது இல்லாவிட்டால் அன்றைக்கும் என் பிள்ளை அடிவாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பாள்.

புது வேனில் போய்வந்த முதல் நாள், பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு ஓடிவந்தாள்.

"எம்மா, போற வழி பூரா கடலு தெரியுதும்மா."

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து அவள் அந்த வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தாள்.